இருநூற்று முப்பது கலோரி

மகனே,

உன் கடைத் திறப்பு விழா அழைப்பிதழ் நேற்று கூரியரில் வந்தது. செம்மண்டலத்தில் இருக்கிற அப்பனுக்கு, அதே கடலூரில் இருக்கிற மகன் கூரியரில் அழைப்பு அனுப்புகிறான். சரி, உனக்கு வேலை அதிகம். அட்டை நல்ல கனமாக இருக்கிறது. பிள்ளையார் இருக்கிறார், நடராஜர் இருக்கிறார், பதின்மூன்று கிளைகளின் ஊர்ப்பெயர்களும் வரிசையாக இருக்கின்றன. "குத்துவிளக்கேற்றித் தொடங்கி வைப்பவர்: எங்கள் அம்மா" என்று தங்க எழுத்தில் போட்டிருக்கிறாய். அதற்குக் கீழே கட்டம் கட்டி, "புதிய அறிமுகம்: அம்மா பொங்கல். 230 கலோரி மட்டுமே!" என்றும் போட்டிருக்கிறாய். அந்த ஆச்சரியக்குறியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் பேப்பரும் பேனாவும் எடுத்தேன். போனில் சொன்னால் "மீட்டிங்ல இருக்கேன்ப்பா" என்பாய். நேரில் சொன்னால் எழுந்து போய்விடுவாய். அதனால் எழுதுகிறேன். கவரை நான் ஒட்டவில்லை. உன் மேனேஜர் பிரித்துப் படித்தாலும் சரி, வாசலில் நிற்கிற வாட்ச்மேன் படித்தாலும் சரி.

அட்வைஸ் பண்ணுகிற யோக்கியதை எனக்கு இல்லை என்று உனக்குத் தோன்றும். உண்மைதான். இதில் முதல் குற்றவாளி நான். அதையும் மறைக்காமல் எழுதத்தான் போகிறேன். உனக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தவன் நான் என்பதால், நீ சொல்கிற பொய்யை மற்ற எவரையும்விட எனக்கு நன்றாக அடையாளம் தெரியும்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நம் மெஸ் இருந்த காலம் உனக்கு ஞாபகம் இருக்கும். இப்போது நீ இடித்துவிட்டு, இந்தத் திறப்பு விழாவுக்காகக் கண்ணாடி மாளிகை கட்டியிருக்கிற அதே இடம். ஆறு மேஜை, ஒரு கல்லா, ஒரு கை கழுவுகிற தொட்டி. நம் பொங்கலுக்குப் பேர் வந்தது எதனால்? மேல் நெய்யால். மூன்று கரண்டி பொங்கலை இலையில் வைத்துவிட்டு, சாப்பிடுகிறவர் கண் முன்னாலேயே நெய்க் குவளையைச் சாய்த்து ஒரு சுற்றுச் சுற்றுவேன். உள்ளே ஏற்கெனவே நெய்யும் டால்டாவும் பாதிக்குப் பாதி கலந்து கொதித்திருக்கும். அது அவருக்குத் தெரியாது. மேலே விழுகிற நெய்தான் அவர் கண்ணுக்குத் தெரியும். அதைப் பார்த்து, "போதும் போதும்" என்று கையைக் குறுக்கே நீட்டுவார். நீட்டிய விரல் இடுக்கில் இன்னும் கொஞ்சம் ஊற்றுவேன். அதுதான் நம் கடைப் பழக்கம். உன் பதின்மூன்று கடைகளிலும் இன்றைக்கும் அந்தக் குவளை இருக்கிறது.

அந்த நாளில் தினமும் ஏழு மணிக்கு ஒரு ரிட்டையர்டு வாத்தியார் வருவார். ரத்தக் கொதிப்புக்காரர். உட்காரும்போதே, "உப்பு கம்மிதானே?" என்று கேட்பார். "உங்களுக்குன்னே தனியா எடுத்து வெச்சது சார்" என்று சொல்லி, எல்லோருக்கும் போடுகிற அதே குண்டானிலிருந்து அள்ளி வைப்பேன். நீ அப்போது கேட்டரிங் காலேஜில் இரண்டாம் வருஷம். லீவில் வந்து கல்லாவில் உட்கார்ந்திருந்தாய். அவர் போன பிறகு, "ஏம்ப்பா, தனிப் பாத்திரம் எங்க இருக்குது?" என்று கேட்டாய். "எல்லாம் வாயில இருக்குதுடா" என்று சொல்லிச் சிரித்தேன். நீயும் சிரித்தாய். அப்பனும் மகனும் அன்றைக்குச் சிரித்த அளவுக்கு அதற்குப் பிறகு என்றைக்கும் சேர்ந்து சிரித்ததில்லை. அந்த வாத்தியார் ஒரு மழைக்காலத்தில் வராமல் நின்றுவிட்டார். அவர் வரவில்லை என்று நான் கவனித்ததே, அந்த நாற்காலி காலியாக இருந்து இடத்தை அடைத்ததால்தான். என்ன ஆயிற்று என்று நான் விசாரிக்கவில்லை. வீடு எங்கே என்றுகூட எனக்குத் தெரியாது.

நீ படித்து வந்து கடையைக் கையில் எடுத்தாய். விருத்தாசலம், பண்ருட்டி, நெய்வேலி என்று ஒவ்வொரு ஊராகப் போர்டு மாட்டினாய். பெண்ணாடத்தில், சர்க்கரை ஆலைக்குப் போகிற வழியில் பத்தாவது கடை திறந்தபோதுதான் அந்தச் சட்டம் நம் வீட்டுக்குள் வந்தது. பத்து இடங்களில் கடை வைத்திருப்பவர்கள் மெனுவில் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் பக்கத்தில் அதன் கலோரியை எழுத வேண்டும், ஆளுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக இரண்டாயிரம் கலோரி தேவை என்ற வாசகத்தையும் போட வேண்டும் என்று நீதான் எனக்கு விளக்கினாய். உனக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. "நாம இப்ப பெரிய கடைன்னு கவர்மெண்டே சொல்லுதுப்பா" என்றாய். சாம்பிள் எடுத்து லேப்புக்கு அனுப்பினாய். முதல் ரிப்போர்ட் வந்தது. ஒரு பிளேட் நெய்ப் பொங்கல், அறுநூற்றுத் தொண்ணூறு.

அன்றைக்குக் காலை நீ இங்கே வந்து சாப்பாட்டு மேஜையில் அந்தக் காகிதத்தைப் போட்டது எனக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. "இந்த நம்பர போர்டுல போட்டா மறுநாளே ஈ ஓட்ட வேண்டிதுதான்ப்பா. சில்வர் பீச்சுல வாக்கிங் போய்ட்டு வர்றவங்கதான் நமக்குக் காலையில மெயின் கஸ்டமர். அவுங்க இதப் பாத்தா பக்கத்துக் கடைக்குப் போய்டுவாங்க. அவனுக்கு ஒரே கடை, அவன் நம்பர் போட வேணாம்." நீ சொன்னது அடுப்படியில் இருந்த உன் அம்மா காதில் விழவில்லை; அதற்குப் பிறகுதான் பரிமாற வந்தாள். அவளுக்குச் சர்க்கரை வந்து நாலைந்து வருஷமாகிவிட்டது. தனக்காகச் செய்துகொள்கிற பொங்கலை அன்றைக்கு நமக்கும் வைத்தாள். சாமை அரிசி, அதற்குச் சரிபாதி பாசிப்பருப்பு, கொதி வந்ததும் ஒரே ஒரு ஸ்பூன் நெய், நிறைய மிளகு. நான் ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு, விளையாட்டாகத்தான் சொன்னேன்: "உங்கம்மா பொங்கல அனுப்பி வெச்சா இதுல பாதிகூட வராது." அவள் உள்ளே சட்னி எடுக்கப் போயிருந்தாள். நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். உன் கை தட்டிலேயே நின்றது. அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன்.

மறுநாள் ஏழு மணிக்கு நீ போன் பண்ணினாய். "அப்பா, நேத்து சொன்னீங்களே, அந்த அம்மா பொங்கல். ஒரு டப்பால கட்டி எடுத்துனு வாங்க. அம்மாகிட்ட எதுக்குன்னு சொல்ல வேணாம்." மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பதிலுக்கு நான் கேட்டது, "எத்தனை கரண்டி?" என்றுதான். "ஒரு கரண்டி போதும்ப்பா" என்றாய். கடையில் மூன்று கரண்டி, லேப்புக்கு ஒரு கரண்டி. உன் அம்மாவிடம், பழைய கஸ்டமர் ஒருத்தருக்குச் சர்க்கரை, வீட்டுச் சாப்பாடு கேட்கிறார் என்று சொன்னேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "யாருங்க, பாவம்? சட்னி தனியா வெச்சிருக்கேன். தேங்கா போடல, பொட்டுக்கடலதான். தைரியமா சாப்புடச் சொல்லுங்க" என்று டப்பாவை நன்றாகத் துடைத்துக் கொடுத்தாள். நான் கடைக்குக் கொண்டு வந்தேன். நீ அதில் நம் கடை ஸ்டிக்கரை ஒட்டினாய். அந்த வாரம் ஐந்து நாள், நாளுக்கு ஒன்றாக ஐந்து விதமான டிபன் இப்படியே லேப்புக்குப் போயிற்று. அவள் ஒவ்வொரு நாளும், "நேத்து எப்பிடி இருந்துச்சாம்?" என்று கேட்டாள். "ரொம்ப நல்லா இருந்துச்சாம்" என்று நானும் சொன்னேன்.

பொங்கல், இருநூற்று முப்பது. பத்துக் கடையிலும் ஒரே நாளில் போர்டு ஏறியது.

சர்க்கரை வந்த பிறகு, போர்டு வருகிற வரைக்கும் உன் அம்மா நம் கடையில் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. பயம். அந்தச் சமயத்தில்தான் அவளுக்கு டயட் சொல்கிற பெண் ஒரு நோட்டைக் கொடுத்து, ஒரு நாளைக்கு ஆயிரத்து நானூறுக்குள் இருந்தால் போதும், எதைச் சாப்பிட்டாலும் எழுதிக் கூட்டுங்கள் என்று சொல்லியிருந்தது. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள், பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி உட்கார்ந்து எழுதினாள். உன் போர்டைப் பார்த்ததும் அவளுக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே. "நம்ம புள்ள கடையிலயே நம்பர் போட்டுட்டான். இனிமே நானும் அங்க சாப்புடலாம்" என்றாள். பொங்கலுக்காக அவள் வரவில்லை. காலையில் எட்டு மணிக்கு நீ உன் கடலூர்க் கடையில் இருப்பாய், அதற்காக வந்தாள். நீ கல்யாணமாகித் தனி வீடு போன பிறகு உன்னைப் பார்க்க அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை. அதைச் சொன்னால் நீ வருத்தப்படுவாய் என்று, டிபன் சாப்பிட வருகிற மாதிரி வந்தாள்.

முதல் நாளே அவள் நாக்கு கண்டுபிடித்துவிட்டது. இரண்டாவது வாயிலேயே நிறுத்தி, "நெய் மணக்குதே தம்பி, ஜாஸ்தியா இருக்குதே" என்றாள். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். நீ கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "அது வாசனைக்கு எசன்ஸ்ம்மா. லேப்ல டெஸ்ட் பண்ணி வந்த நம்பர், பாரு" என்று போர்டைக் காட்டினாய். நாற்பது வருஷம் அடுப்படியில் நின்றவள், தன் நாக்கைத் தள்ளிவிட்டு உன் போர்டை நம்பினாள். நோட்டைத் திறந்து "பொங்கல் 230" என்று எழுதிவிட்டு, பிளேட்டை வழித்துச் சாப்பிட்டாள். சர்வர் மேல் நெய் ஊற்ற வந்தபோது அவள் கையைக் குறுக்கே நீட்டினாள். "ஊத்துப்பா, அதெல்லாம் கணக்குல சேந்ததுதான்" என்று நீ சொன்னாய். நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

அதோடு விட்டாயா? அவளை ஜன்னலோர மேஜையில் உட்கார வைத்து ஒரு போட்டோ எடுத்தாய். "எங்க அம்மாவும் சுகர் பேஷண்ட்தான். தினமும் எங்க கடையிலதான் சாப்பிடுறாங்க" என்று எழுதிப் போனில் ஊருக்கெல்லாம் அனுப்பினாய். அதைப் பார்த்து எத்தனை பேர் தங்கள் அம்மாவையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள் என்று உனக்குத் தெரியும். அந்த மேஜைக்குப் பக்கத்தில் நின்று அவர்களுக்கெல்லாம் உன் அம்மா நோட்டை விரித்துக் காட்டி விளக்கினாள். அப்போது நீ எங்கே இருந்தாய்? உள்ளே, வீட்டிலிருந்து கொண்டுவந்த ஓட்ஸ் டப்பாவைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். உன் கடைப் பொங்கலை நீ தொட்டு நான் பார்த்ததில்லை. அதையும் அவள் கவனித்தாள். "புள்ளைக்கு நின்னு சாப்புட நேரமில்ல, பாவம், கஞ்சியக் குடிச்சிட்டு ஓடுறான்" என்று என்னிடம் வந்து அழுதாள்.

மூன்று மாதத்தில் சர்க்கரை ஏறியது. மாத்திரையைக் கூட்டினார்கள். மறுபடி ஏறியது. ஊசி போட்டார்கள். அந்த ஆஸ்பத்திரி அறையில் நாம் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். அவள் நோட்டை டாக்டர் முன்னால் வைத்தாள். ஒரு நாள்கூட ஆயிரத்து நானூறைத் தாண்டவில்லை. டாக்டர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ரத்தம் பொய் சொல்லாதும்மா. யாருக்காக இத எழுதுறீங்க?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள். அப்போது நீ கேட்டாய். அந்தக் கேள்வியை நான் எத்தனை வருஷம் உயிரோடு இருந்தாலும் மறக்க மாட்டேன். "ஏம்மா, ஒளிச்சி வெச்சி எதனா சாப்புடறியா? சொல்லிடும்மா. யாரும் உன்ன அடிக்கப் போறதில்ல." அவள், "சாமி சத்தியமா எழுதுனதத்தான் சாப்புட்டேன் தம்பி" என்றாள். நீ டாக்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாய். வயசானவர்கள் இப்படித்தான், என்ன செய்வது என்கிற மாதிரி.

உன்னை மட்டும் திட்டிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. வீட்டுக்கு வந்து நான் செய்தது அதைவிடக் கேவலம். அடுப்படியில் இருந்த ஒவ்வொரு டப்பாவையும் அவள் முன்னாலேயே திறந்து தேடினேன். அரிசி டப்பாவுக்குள் கைவிட்டுத் துழாவினேன். அங்கே ஒன்றும் இருக்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே தேடினேன். தேடுகிற வரைக்கும் குற்றம் அவளுடையதாக இருக்கும் அல்லவா? சாமி மாடத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் கற்கண்டு இருந்தது. அதை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். "அது நெய்வேத்தியத்துக்கு வெச்சதுங்க" என்றாள். கேட்காமல் வாசலில் கொட்டினேன். அடுத்த வாரம் அவள் தானாகவே என்னிடம் வந்து, "ஏங்க, தூக்கத்துல எழுந்து போய் எதனா தின்னுடறனோ? எனக்கே ஒண்ணும் புரியல. நீங்க கொஞ்சம் பாத்துக்கறீங்களா?" என்று கேட்டாள். பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். நம் இரண்டு பேர் கெட்டிக்காரத்தனத்தில், அவளுக்குத் தன் மேலேயே நம்பிக்கை போய்விட்டது.

செருப்பு வார் உரசி, கட்டைவிரலில் மிளகளவு புண் வந்தது. பிறகு நடந்தது உனக்குத் தெரியும். விரல் கறுத்தது, பாதம் கறுத்தது, பாண்டிச்சேரிக்குக் கொண்டு போனோம், முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். கண் விழித்ததும் அவள் நர்ஸிடம் முதலில் கேட்டது, "இந்த இட்லி எத்தினி கலோரிம்மா?" என்பதைத்தான். அந்த நர்ஸ் சிரித்துவிட்டது. நான் வெளியே வராந்தாவுக்குப் போய்விட்டேன். நீ அங்கே பெஞ்சில் உட்கார்ந்து, புதுக் கடைக்கு டைல்ஸ் எந்தக் கலர் என்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்ததும் போனை மூடிவிட்டு, "சுகர்னா இப்பிடித்தான்ப்பா, ஆயிரம் காரணம் இருக்கும். ஒரு பொங்கலால கால் போய்டுமா?" என்றாய். நான் எதுவும் கேட்காமலே நீ அந்தப் பதிலைச் சொன்னாய். இருக்கலாம். எந்த டாக்டரும் பொங்கலால் கால் போனது என்று எழுதித் தர மாட்டார். ஆனால் தினமும் முக்கால் வருஷம், கூடுதலாக எவ்வளவு அவள் உடம்புக்குள் போனது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாமல் இருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், அவள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பழைய நோட்டுகள் மூன்றையும் மடியில் வைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவால் ஏதோ திருத்திக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டேன். "எங்கியோ தப்பாக் கூட்டியிருக்கேங்க. சித்திரையில ஒரு கல்யாணத்துக்குப் போனமே, அன்னிக்குப் பாயாசத்த எழுதனா இல்லியான்னு தெரியல. அதுவாத்தான் இருக்கும். அந்த ஒண்ணுலதான் எல்லாம் ஏறிப் போச்சி" என்றாள். ஆறு மாதமாகத் தினம் மதியம் அவள் இதைத்தான் செய்துகொண்டிருந்தாள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தன் கால் போனதற்குத் தன்னுடைய தப்பு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தாள். எனக்கு அதற்கு மேல் முடியவில்லை. எதிரில் தரையில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன்.

கேட்டுவிட்டு, திருத்திக்கொண்டிருந்த பக்கத்தை மூடினாள். பிறகு, "அன்னிக்குப் பொட்டுக்கடல சட்னியோட கட்டிக் குடுத்தனே, அதுவா?" என்றாள். "அதேதான்" என்றேன். "அப்ப போர்டுல இருந்தது நான் ஆக்குனதா?" என்று கேட்டு, லேசாகச் சிரித்தாள். சிவப்புப் பேனாவுக்கு மூடி போட்டாள். மூன்று நோட்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சரியாக அடுக்கினாள். அப்புறம் என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள்: "தம்பிக்குத் தெரியுமா?"

நான், "தெரியாது. டப்பாவ மாத்துனது நான்தான். அவனுக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொன்னேன்.

உன்னைக் காப்பாற்ற இதைச் சொன்னேன் என்று நினைக்காதே. உன்மேல் எனக்கு அந்த அளவுக்குப் பாசம் இப்போது மிச்சமில்லை. கால் போனவளிடமிருந்து பிள்ளையையும் சேர்த்துப் பிடுங்க எனக்குத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நல்ல வேள. அவன்கிட்ட சொல்லிடாதீங்க. என்ன ஜன்னலோரமா உக்கார வெச்சி ஊட்டாத கொறையா சாப்புட வெச்ச புள்ள. இதுன்னு தெரிஞ்சா தாங்க மாட்டான்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றையிலிருந்து என் கையால் ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்குவதில்லை. நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு போய் எடுத்துக் குடிக்கிறாள். அது எனக்கு வேண்டியதுதான். அதைப் பற்றி உன்னிடம் புகார் சொல்ல வரவில்லை.

ஆனால் மறுநாள் காலையில் ஒரே ஒரு விஷயம் பேசினாள். "நம்ம கடைப் பொங்கல நீங்களே வாங்கி மறுபடியும் டெஸ்டுக்கு அனுப்புங்க. வர்ற பேப்பர தம்பிக்கு அனுப்பி வைங்க. முன்ன ஏதோ தப்பு நடந்து போச்சின்னு மட்டும் எழுதுங்க, காரணம் சொல்ல வேணாம். நம்பரப் பாத்தான்னா ஒடனே போர்ட மாத்திடுவான். அவன் உங்கள மாதிரி இல்ல." சொன்னபடி செய்தேன். யாருக்கும் தெரியாமல் உன் கடலூர்க் கடையில் ஒரு பிளேட் பார்சல் வாங்கி, மேல் நெய்யோடு சேர்த்து அனுப்பினேன். ரிப்போர்ட்டும் உன் அழைப்பிதழும் நேற்று ஒரே நாளில் வந்தன. இரண்டையும் அவள் மடியில் வைத்தேன். அட்டையில் அதே பொங்கலுக்குப் புதுப் பேரோடு இருந்த இருநூற்று முப்பதைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினாள். பிறகு அவளே, "அட்ட முன்னாடியே அடிச்சிருப்பாங்க. புள்ள என்னா பண்ணுவான்? போர்டுல மாத்திடுவான் பாருங்க" என்று உனக்காக என்னிடம் வாதாடினாள். விழாவுக்குக் கட்ட மாம்பழக் கலர் புடவையை எடுத்து வைத்திருக்கிறாள். மடிப்பு எப்படி வைத்தால் கால் தெரியாது என்று நேற்று முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் இப்போது எழுதியிருப்பது அவள் எழுதச் சொன்னதைவிட மிகவும் அதிகம். அவளுக்கு இது தெரியாது. லேப் பேப்பர் இதோடு இருக்கிறது. எழுநூற்றுப் பத்து. நீ வாங்கிக்கொண்டாய் என்று உன் ஆள் கையெழுத்துப் போட்டதும் அந்தச் சீட்டை அவளிடம் காட்டுவேன். உன்னைத் திருந்து என்று நான் கேட்கவில்லை. அவள் காலில் விழு என்றும் கேட்கவில்லை; விழுவதற்கு ஒரு கால்தான் இருக்கிறது. இந்தப் போர்டை நம்பி உன் ஜன்னலோரம் உட்கார்ந்து சாப்பிடுகிற மற்ற அம்மாக்களைப் பற்றிச் சொன்னாலும் உனக்கு உறைக்காது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்த வாத்தியாருக்கு என்ன ஆயிற்று என்று எனக்கும் உறைக்கவில்லை. நான் சொல்ல வருவது ஒன்றுதான். உனக்குத் தெரியுமா தெரியாதா என்று அவள் கேட்டதற்கு நான் சொன்ன பதில், திறப்பு விழா நடக்கிற வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் செல்லும்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவளைக் காரில் கூட்டிக்கொண்டு சிதம்பரம் வருகிறேன். உன் ஆட்கள் விளக்குப் பக்கம் தள்ளிக்கொண்டு போகப் பார்ப்பார்கள். நான் விடமாட்டேன். முதலில் மெனு போர்டுக்கு நேராக நிறுத்துவேன். அவள் மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படிப்பாள், அது அவள் வழக்கம். சர்க்கரை அவள் காலைத்தான் எடுத்தது. கண் இன்னும் நன்றாகத் தெரிகிறது.

இப்படிக்கு,
உன் அப்பா